‘சுத்த காட்டன்’ என்று தலையில் கட்டும் டிஃப்யூஷன் துணி: உஷார்

ஷூட்டிங் லைட்டின் ஒளியைப் பரப்பி மென்மையாக்க அதன் முன்னால் வைக்கும் எட்டுக்கு எட்டு அடி ஃப்ரேமில் கட்ட 58 இன்ச் அகல வெள்ளைக் காட்டன் 6 மீட்டர் கேட்டோம். மொத்தக் கடையில் வெட்டித் தந்தது பாலியஸ்டர் கலந்த துணி. பில்லில் மட்டும் ‘காட்டன்’. அளவிலும் கை வைத்திருக்கிறார்கள். காசு மீட்டருக்கு, அளந்தது கஜக்கோலில். கஜம் 91.4 சென்டிமீட்டர்தான், ஆக அரை மீட்டர் போச்சு. கேட்டால், “வெட்டின துணி ரிட்டர்ன் கிடையாது சார்.”

எல்இடி முன்னால் இந்தக் கலப்படம் தெரியவே தெரியாது. சூடு கக்கும் ஹாலஜன் லைட் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு உடையும். பாலியஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே சூடுபட்ட இடம் சுருங்கி இழுக்கும். (காட்டன் உருகாது, ஆனால் தீப்பிடிக்கும். அதையும் லைட்டை ஒட்டிக் கட்டாதீர்கள்.)

வெட்டச் சொல்லும் முன் ஓரத்தில் பாவு நூல் (நீளவாட்டு) இரண்டு, ஊடை நூல் (குறுக்குவாட்டு) இரண்டு உருவி, வெளியே வந்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். இரண்டில் ஒரு வாட்டு நூல் மட்டும் காட்டனாக இருப்பதும் உண்டு. காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டு சுருண்டு, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணி நிற்கும். கலப்புத் துணியில் சாம்பலுக்குள் அந்த மணி நெருடும்.

அடுத்த ஏமாற்று, கஞ்சி. கடையில் கனமாகத் தெரியும் துணி ஒரு அலசலில் வலை மாதிரி ஆகிவிடும். இரண்டு கைகளுக்கும் நடுவே கசக்கினால் வெள்ளைப் பொடி உதிரும். அலசிய துண்டின் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து, துணிக்கும் சுவருக்கும் நடுவே விரலை நீட்டி, சுவரில் அதன் நிழலைப் பாருங்கள். மங்கலான நிழலுக்குள் கூர்மையான கோடு தெரிந்தால், ஒளி இழைகளின் சந்து வழியே நேராக வருகிறது என்று அர்த்தம். அந்தத் துணி வேண்டாம். காட்டன் 5 சதவீதம் சுருங்கினாலே எட்டு அடியில் ஐந்து இன்ச் குறையும். அலசிக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள்.

பளிச் வெள்ளை என்று மயங்கவும் வேண்டாம். ரூபாய் நோட்டு பார்க்கும் யூவி டார்ச்சை அடித்தால் நீலமாக ஒளிர்கிறதா? அதில் வெண்மையூட்டி இருக்கிறது. ஃப்ளாஷிலும் வெயிலிலும் நீலச் சாயல் ஏறலாம். ஒரே லைட் என்றால் கேமராவின் ஒயிட் பேலன்ஸில் (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) சரிசெய்யலாம். துணி இல்லாத இன்னொரு லைட் சேர்ந்தால் முகத்தின் இரு பக்கமும் இரண்டு நிறம். வீட்டு சலவைத்தூள் பலவற்றிலும் இதே சரக்குதான், அதனால் அலச வெறும் தண்ணீர் போதும்.

வெளுக்காத காடாவில் இந்த நீல வம்பு இல்லை. ஒளி கொஞ்சம் மஞ்சளாகும். வெள்ளைத் துணி கட்டிய லைட்டோடு கலக்காமல் தனியே பயன்படுத்துங்கள்.