டேங்க் கிட்டின் மூன்றாவது டப்பா எல்லா டேங்க்குக்கும் தேவையா?

பத்துப் பதினைந்து வருடம் ஷெட்டில் நின்ற பழைய காரை எழுப்பும்போது எல்லோர் கையும் முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. கழற்றிக் கழுவி, கார்புரேட்டர் ரிப்பேர் கிட் போட்டு மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். கொஞ்ச தூரம் ஓடியதும் ஜெட், அதாவது அதில் பெட்ரோல் வரும் நுண்துளை, மறுபடி அடைக்கும். அந்தக் குப்பை வருவது பின்னால் தொங்கும் பெட்ரோல் டேங்க்கிலிருந்து. அதைக் கழுவி, துரு எடுத்து, உள்ளே பூச்சு கொடுக்க மூன்று டப்பாவாக விற்கும் கிட்டைப் பற்றியது இந்த விமர்சனம். போர்-15 இதில் பெயர் பெற்றது. மற்ற கம்பெனிகளின் கிட்டிலும் ஏறக்குறைய இதே மூன்றுதான் இருக்கும்: பிசின் கரைக்கும் கிளீனர், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, உள்பூச்சுக்கான சீலர்.

முதல் இரண்டும் அருமையான சரக்கு. மூன்றாவதைத் தேவையில்லாத டேங்க்கில் ஊற்றிக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

டேங்க்கை இறக்கி உள்ளே பார்த்த பிறகே கிட் வாங்குங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். அதில் பெட்ரோல் வாசனை இருக்காது. வார்னிஷ் நெடிதான் அடிக்கும். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால், காற்றின் ஈரத்தையும் இழுத்து ஒரு கட்டத்தில் தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்கியிருக்கும். அதனால் துரு இரண்டு இடத்தில் கூடுதல்: தண்ணீர் நின்ற அடித்தகடு, பெட்ரோல் மட்டத்துக்கு மேலே ஈரம் வியர்த்த மேல்தகடு.

பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட் யூனிட்டைக் கழற்றி, அந்தத் துளை வழியாக எல்இடி டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் போல ஆரஞ்சுத் துருவும் நடுநடுவே பளபளக்கும் தகடும் தெரிந்தால் சீலர் வேண்டாம். பழைய டேங்க்குகள் பலவற்றில் ஈயமும் தகரமும் சேர்ந்த பூச்சு கம்பெனியிலேயே கொடுத்திருப்பார்கள். அது பிழைத்திருந்தால் அதைவிட நல்ல பூச்சு எந்த டப்பாவிலும் வராது. தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது, கழுவிய பின் அம்மைத் தழும்பு போலக் குழிகள் தெரிகின்றன, தகடுகள் சேரும் மடிப்புத் தையலில் ஊசிமுனை அளவு கசிவு இருக்கிறது என்றால் சீலர் சரியான மருந்து. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினாலே தகடு உள்ளே போகிறதா? அங்கே எந்தக் கிட்டும் உதவாது. டேங்க்கையே மாற்ற வேண்டும். பெட்ரோல் கண்ட டேங்க்கில் வெல்டிங்கோ பற்றவைப்போ வீட்டில் வேண்டவே வேண்டாம். நன்றாகக் கழுவிய டேங்க்கும் வெடிக்கும், தையலில் ஒளிந்திருக்கும் ஆவியே போதும்.

கிளீனரைச் சம அளவு வெந்நீரோடு ஊற்றி, துளைகளை அடைத்து, டேங்க்கை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து வையுங்கள். பக்கத்துக்கு 20 நிமிடம், ஆறு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். தடித்த துருவைக் கிளப்ப உள்ளே நட்டு போட்டுக் குலுக்குவது பழைய வழக்கம். கார் டேங்க்கின் உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. போட்ட 30 நட்டில் 27தான் திரும்பி வரும். ஒரு மீட்டர் மெல்லிய சங்கிலியை விட்டு, மறுமுனையைக் கம்பியால் டேங்க்கின் வாயோடு கட்டிக் குலுக்குவது மேல். கழுவிய பின் தண்ணீர் தகட்டில் படலமாகப் பரவி இறங்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் பிசின் போகவில்லை, இன்னொரு முறை கழுவுங்கள்.

துரு நீக்கியையும் இதேபோல ஆறு பக்கமும் புரட்டுங்கள். தகடு நனைந்தபடியே இருக்க வேண்டும். நடுவில் காய்ந்தால் அந்த இடத்தை மறுபடி நனைக்க வேண்டும். துரு கரைந்து மங்கிய சாம்பல் நிறம் வரும், அதுதான் பாஸ்பேட் படலம். செலவை மிச்சம் பிடிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நல்ல இரும்பையும் தின்னும். மிஞ்சும் குளோரைடால் கழுவிய கையோடு துரு திரும்பும்.

இனி உலர்த்தும் வேலை. கிட்டின் குறிப்புத்தாளில் ஒரு வரியில் முடித்துவிடும் இந்த இடத்தில்தான் பெரும்பாலான பூச்சுகள் தோற்கின்றன. வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும்; தடுப்புத் தகட்டின் பின்னாலும் தையல் மடிப்பிலும் ஈரம் நிற்கும். அதன் மேல் சீலர் விழுந்தால் கொப்பளித்துப் பின்னால் உரியும். ஹேர் டிரையர் காற்றை ஒரு துளையில் விட்டு, மற்ற துளைகளைத் திறந்து வைத்து, டேங்க்கை அரை மணிக்கு ஒருமுறை புரட்டிக்கொண்டே இருங்கள். பெட்ரோல் நெடி துளியும் இல்லை என்று உறுதியான பிறகே டிரையரைக் கிட்டே கொண்டு வரவேண்டும். வெளியேறும் காற்றில் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுங்கள், அதில் பனி படிவது நிற்கும்வரை சீலர் டப்பாவைத் திறக்காதீர்கள். சீலர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், காய்ந்ததும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றி வடித்துவிட்டால் போதும்.

சீலர் போடுவதற்கு முன், டேங்க்குக்குள் காற்று விடும் மூச்சுக்குழாயில் ஒரு கம்பியைச் செருகி வையுங்கள். பூச்சு இறுகும் முன் அதை அசைத்து எடுத்துவிடுங்கள். இந்தக் குழாய் அடைபட்டால் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், மறுபடி ஓடும். ஊற்றிய சீலர் எல்லாப் பக்கமும் பரவியதும் மிச்சத்தை ஒட்ட வடித்துவிட வேண்டும். மூலையில் குளம் போல நின்றால் மேலே தோல் கட்டும், உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். கையுறை கட்டாயம், தோலில் காய்ந்தால் நாள் கணக்கில் போகாது. டப்பா வாயில் வழிந்ததைத் துடைக்காமல் மூடினால் மூடி ஒட்டிக்கொள்ளும். போர்-15 சீலர் இறுக 96 மணி நேரம். மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது போலத் தோன்றும். அவசரப்பட்டு பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

கிட்டின் பெரிய குறை, பழைய பூச்சு உள்ள டேங்க்குக்கு அதில் ஒன்றுமே இல்லை. உரிந்துகொண்டிருக்கும் பூச்சின் மேல் புதிதாக ஊற்றினால் இரண்டும் சேர்ந்து உரியும். அந்தப் பூச்சுக்கு ஏற்ற கரைப்பானை (சிலவற்றுக்கு அசிடோனோ மெதில் எதில் கீட்டோனோ போதும்) தனியாக வாங்கி, பழையதைக் கரைத்து எடுத்த பிறகே முதல் டப்பாவைத் தொடலாம்.

டேங்க்கை மாட்டும்போது பழைய ரப்பர் ஹோஸ்களைத் தூக்கி எறிந்துவிட்டு, எத்தனால் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 வகை போடுங்கள். பெட்ரோல் பம்ப்புக்கு (மெக்கானிக்குகள் சொல்லும் ஏசி பம்ப்) முன்னால் உள்ளே தெரியும் ஃபில்டர் ஒன்று வைத்து, முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி ஓட்டுங்கள். 50 கிலோமீட்டரில் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். காவிப் பொடி என்றால் தடுப்புத் தகட்டின் பின்னால் மிஞ்சிய துரு, இரண்டு மூன்று ஃபில்டரில் ஓய்ந்துவிடும். மெல்லிய சவ்வுத் துண்டுகள் விழுந்தால் சீலர் உரிகிறது. டேங்க்கை மறுபடி இறக்குங்கள்.