ஸ்னோபோர்டும் பைண்டிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: பல பருவங்கள் ஓட்டிய அனுபவம்

பல பனிப்பருவங்களாக, பனிச்சரிவில் நின்றபடி வழுக்கிச் செல்லும் ஸ்னோபோர்டுகள் இரண்டையும், பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்குகள் இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று 154 செ.மீ. நீளமுள்ள மென்மையான ட்வின் போர்டு. அதன் முன்நுனியும் பின்நுனியும் ஒரே வடிவில் இருக்கும். மற்றது 158 செ.மீ. நீளமுள்ள, முன்னோக்கி ஓட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட, சற்று விறைப்பான டைரக்ஷனல் போர்டு. பைண்டிங்குகளிலும் ஒரு ஜோடி மென்மையானது, ஒரு ஜோடி விறைப்பானது. இவற்றை எல்லா விதமாகவும் இணைத்து ஓட்டிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: போர்டைத் தனியாகவும் பைண்டிங்கைத் தனியாகவும் தேர்ந்தெடுக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்தே, நாம் உண்மையில் ஓட்டும் விதத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். போர்டைப் பற்றி ஆராய்ந்து மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூடப் பைண்டிங்கைக் கடைசி நேரத்தில் கையில் கிடைத்ததாக வாங்கிவிடுகிறார்கள். காலுக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள ஒரே இணைப்பு அதுதான் என்பதால், அங்கே செய்யும் சமரசம் ஒவ்வொரு திருப்பத்திலும் தெரியும்.

ஓட்டும் விதம் எது என்று முடிவு செய்ய, ஒரு நாளின் பெரும்பகுதி எங்கே கழிகிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. என் நாளின் பெரும்பகுதி இயந்திரத்தால் சீர்செய்யப்பட்ட சரிவுகளில், விளிம்பை அழுத்தி வளைவுகள் போடுவதில் கழிகிறது. புதுப்பனி பெய்த காலைகளில் மரங்களுக்கிடையே ஓட்டுவேன். தாவுமேடைகளும் தண்டவாளங்களும் அமைத்த பார்க்கில் சிறிய தாவல்களோடு நிறுத்திக்கொள்வேன். ஆசைப்படும் ஓட்டத்துக்குப் போர்டு வாங்கினால், அன்றாடம் செய்யும் ஓட்டத்தில் அது ஒத்துழைக்காது. இந்த விளையாட்டு எவ்வளவு வேறுபட்ட கருவிகளைக் கேட்கிறது என்பதற்கு 1998 நாகானோ ஒலிம்பிக்கே சான்று. ஸ்னோபோர்டு முதன்முதலாக இடம்பெற்ற அந்தப் போட்டிகளில் நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து விரையும் ஜயன்ட் ஸ்லாலம், அரைக்குழாய் வடிவப் பனித்தடத்தில் தாவிச் சாகசம் செய்யும் ஹாஃப்பைப் என்ற இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவது, கடினமான பிளாஸ்டிக் பூட்ஸும், அதைத் தட்டில் பூட்டும் பிளேட் பைண்டிங்கும் ஒடுக்கமான நீண்ட போர்டும் கொண்ட உலகம். இரண்டாவது, மென்மையான பூட்ஸும் பட்டை பைண்டிங்கும் கொண்ட உலகம். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்றாலும், அதற்குள்ளேயே தேர்வின் எல்லை மிக விரிந்தது.

போர்டைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் வளைவமைப்பில் தொடங்குகிறேன். கேம்பர் போர்டைச் சமதரையில் வைத்தால் நடுப்பகுதி தரையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும். நாம் ஏறி நின்றதும் நம் எடை அதை அழுத்தி, விளிம்பின் முழு நீளத்துக்கும் அழுத்தத்தைப் பரப்பும். ராக்கர் இதற்கு நேர்மாறு: நடுவில் தரையைத் தொட்டு, நுனிகளை நோக்கி மேலெழும். 2006 வாக்கில் லிப் டெக் நிறுவனத்தின் ஸ்கேட் பனானா போர்டு வந்த பிறகுதான் ராக்கர் பரவலான வழக்கத்துக்கு வந்தது. இன்று விற்பனையாகும் பெரும்பாலான போர்டுகள் இவ்விரண்டையும் ஏதோவொரு விகிதத்தில் கலந்தவை.

என் 154-இல் கால்களுக்கு நடுவே ராக்கரும் கால்களுக்கு அடியில் கேம்பரும் உள்ளன. மெதுவாகப் போகும்போது அது மிக இணக்கமானது. விளிம்பு எதிர்பாராமல் பனியில் மாட்டிக் கவிழ்க்கும் அபாயம் குறைவு, நின்ற இடத்திலேயே சுழற்றலாம், பொடிப்பனியில் முன்நுனி தானாக மேலே மிதக்கும். ஆனால் இரவில் உறைந்து காலையில் இறுகிக் கிடக்கும் சரிவில் வேகமெடுத்தால், தட்டையாக ஓடும்போது போர்டு இடமும் வலமும் அலைவதைப் பாதங்களில் உணரலாம். அதே சரிவில் முழுக் கேம்பர் கொண்ட 158 அசையாமல் நேராக ஓடும். திருப்பத்தின் முடிவில் சேர்த்து வைத்த விசையை விடுவித்து அடுத்த திருப்பத்துக்குள் நம்மைத் தள்ளிவிடும். அந்த உந்துதலுக்காகவே நான் கேம்பரை விரும்புகிறேன். அதற்கு விலையாக அது கவனத்தைக் கேட்கிறது; களைத்துப்போன மாலையில் சோம்பலாக நின்றால் மன்னிக்காது.

விறைப்பை நிறுவனங்கள் பொதுவாக 1 முதல் 10 வரையிலான எண்ணால் குறிக்கின்றன. அதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது; ஒரு நிறுவனத்தின் 6 இன்னொரு நிறுவனத்தின் 4 போல இருக்கலாம். எண்ணைவிட, நீளவாட்டில் வளையும் விறைப்பையும் முறுக்கும்போது காட்டும் விறைப்பையும் தனித்தனியாகக் கேட்டறிவது பயன் தரும். இருதிசை இழைகள் கொண்ட கண்ணாடி இழைப் படலம் எளிதாக முறுக்கிக்கொடுக்கும். குறுக்குச் சாய்வாகவும் இழைகள் ஓடும் முத்திசைப் படலம் முறுக்கத்தை எதிர்த்து விளிம்பை இறுக்கமாகப் பிடித்து வைக்கும். பார்க்கில் தண்டவாளம், பெட்டி என்று விளையாடுபவருக்கு முதலாவது. வேகத்தில் விளிம்பை நம்பி ஓட்டுபவருக்கு இரண்டாவது.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரத்தைவிட உடல் எடையே முக்கியம். ஒவ்வொரு அளவுக்கும் நிறுவனம் தரும் எடை வரம்பில் நாம் நடுவில் வந்தால் போதும். வேகத்தையும் பொடிப்பனியையும் விரும்புபவர் சற்று நீளமாகவும், சுழற்சிகளை விரும்புபவர் சற்றுக் குட்டையாகவும் போகலாம். அண்மைக் காலத்தில் வரும் குட்டையான, அகலமான போர்டுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை வழக்கமான அளவைவிடப் பல செ.மீ. குறைத்தே எடுக்க வேண்டும்.

அகலத்துக்கு நான் தரும் இடம் பெரிது. பூட்ஸின் முனை போர்டின் விளிம்பைத் தாண்டி இரு பக்கமும் ஓரளவு நீண்டிருப்பது தேவையானது. அந்த நீட்சிதான் விளிம்பில் ஏறுவதற்கான நெம்புவிசையைத் தருகிறது. அது மிகும்போது, போர்டை ஆழமாகச் சாய்த்ததும் பூட்ஸ் பனியில் உரசி விளிம்பையே தூக்கிவிடும். என் பூட்ஸ், பாதத்தின் நீளத்தைச் செ.மீ.-இல் சொல்லும் மாண்டோ அளவில் 28. நடு அகலம் 251 மி.மீ. உள்ள 154-இல், சாதாரணத் திருப்பங்களில் தொந்தரவே இல்லை. மென்மையான பனியில் ஆழமாகச் சாய்ந்தால் மட்டும், விளிம்பு வெட்டிய கோட்டுக்கு அருகிலேயே பூட்ஸின் கால்விரல் பகுதி உழுத இன்னொரு தடம் தெரியும். சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டில் அமர்ந்து கீழே பார்த்தாலே அந்த இரட்டைக் கோடு புலப்படும். 256 மி.மீ. உள்ள 158-இல் ஒற்றைக் கோடுதான். வெறும் 5 மி.மீ. தானே என்று தோன்றலாம். ஆழமாகச் சாய்பவருக்கு அது மிகப் பெரிய வேறுபாடு. தேவைக்கு மேல் அகலமான போர்டோ ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறத் தாமதிக்கும்; மரங்களுக்கிடையே அந்தத் தாமதம் உடனே தெரியும்.

இனி பைண்டிங். மென்மையான பைண்டிங்கை விறைப்பான 158-இல் பொருத்தி ஓட்டியபோது, குதிகால் பக்கத் திருப்பங்களில்தான் குறை தெரிந்தது. கெண்டைக்காலுக்குப் பின்னால் நிற்கும் ஹைபேக்தான் குதிகால் விளிம்புக்கு விசையைக் கடத்துகிறது. அது வளைந்துகொடுத்தால் நாம் சாய்ந்த பிறகும் போர்டு சாயாது. அந்த இடைவெளியை நிரப்பக் கால்விரல்களை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. சில இறக்கங்களுக்குள்ளேயே முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை எரியத் தொடங்கியது. விறைப்பான பைண்டிங்கை மென்மையான 154-இல் பொருத்தியபோது இதற்கு எதிரான தொல்லை வந்தது. கணுக்காலின் சிறு அசைவுகூட அப்படியே போர்டுக்குப் போய், காலடியில் அது முறுக்கிக்கொண்டே இருந்தது. ரசித்து ஓட்ட வேண்டிய போர்டு பதற்றம் பிடித்ததாக மாறிவிட்டது. இணக்கமான ஜோடியில் இந்த இரண்டுமே இல்லை. ஆகவே பைண்டிங்கின் விறைப்பு போர்டின் விறைப்புக்குச் சமமாகவோ, விளிம்பில் சாய்ந்து வளைவு போடும் கார்விங்கை விரும்புபவருக்கு ஒரு படி கூடுதலாகவோ இருக்கட்டும். அதற்கு மேல் விலகிப் போக வேண்டாம். பூட்ஸும் இதே வரிசையில் அமைய வேண்டும். உள்ளே குதிகால் எழும்பும் பூட்ஸை அணிந்துகொண்டு எந்தப் பைண்டிங்கையும் குறை சொல்ல முடியாது.

கால்விரல் பக்கத் திருப்பத்தில் விசையைக் கடத்துவது கணுக்கால் பட்டை. அதன் அகலமும் திணிப்பும் கடைசி இறக்கம்வரை வலியின்றி ஓட்ட முடியுமா என்பதைத் தீர்மானிக்கும். பட்டையை நடுவில் அமையும்படி நீளம் சரிசெய்துகொள்ளாமல், ஒரு பக்கம் இழுத்த நிலையிலேயே பலர் ஓட்டுவதைப் பார்க்கிறேன். அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்து பாதம் மரத்துப்போவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். முன்பட்டை இப்போது பெரும்பாலும் பூட்ஸின் நுனியைக் கவ்வும் தொப்பி வடிவில் வருகிறது. அது பூட்ஸைப் பின்னோக்கித் தள்ளி ஹைபேக்கோடு சேர்த்து அமர்த்துவதால் கார்விங்குக்கு நல்லது. ஹைபேக்கை முன்சாய்க்கும் அமைப்பை நான் டைரக்ஷனல் போர்டில் நன்றாகக் கூட்டி வைத்திருக்கிறேன். குதிகால் விளிம்பு உடனே பதிலளிக்கிறது, முழங்காலும் தானாக மடிந்தே நிற்கிறது. ட்வினில் முன்சாய்வே வைப்பதில்லை.

ஒவ்வொரு முறையும் பட்டை மாட்டத் தேவையில்லாத வகைகளும் இப்போது நன்கு நிலைபெற்றுவிட்டன. 2017-இல் பர்ட்டன் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டெப் ஆன், கால்விரல் பகுதியின் இரு பக்கமும் குதிகாலிலும் பூட்ஸைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கென்றே செய்யப்பட்ட பூட்ஸ் தேவை என்பதுதான் கட்டுப்பாடு. பின்புறமாகக் காலை நுழைக்கும் வகைகள் சாதாரணப் பூட்ஸையே ஏற்கும். லிஃப்டிலிருந்து இறங்கி உடனே புறப்பட விரும்புபவருக்கும், குனிந்து பட்டை மாட்டுவதில் முதுகுவலி வருபவருக்கும் இவை உண்மையான உதவி. ஆழமான பொடிப்பனியில் பூட்ஸின் அடியில் பனி ஒட்டிக்கொண்டால் பூட்டு பிடிக்கச் சுரண்டி எடுக்க வேண்டிவரும் என்பதால், நான் இன்னும் பட்டையோடுதான் இருக்கிறேன்.

வாங்கும் முன், பைண்டிங்கைத் திருகிப் பொருத்தப் போர்டில் உள்ள துளை அமைப்பைப் பார்ப்பது கட்டாயம். 4x4, 2x4 (துளைகளுக்கிடையே உள்ள இடைவெளி, செ.மீ.-இல்) துளை வரிசைகள் கொண்ட போர்டுகளுக்குப் பெரும்பாலான பைண்டிங்குகளின் வட்டத்தட்டு பொருந்தும். பர்ட்டன் போர்டுகளில் துளைகளுக்குப் பதில் நீளமான தடம் உண்டு. அதற்கு மட்டுமே பொருந்தும் பைண்டிங்குகளும் உள்ளன, அவற்றை வேறு போர்டுக்கு மாற்ற முடியாது. நான்கு திருகுகளையும் முதல் நாள் ஓட்டத்துக்குப் பின் மீண்டும் இறுக்க வேண்டும். திருகு தளராமல் இருக்கப் பூசும் கடைச் சரக்குப் பசைகளில் சில, பைண்டிங்கின் அடித்தட்டான பேஸ்பிளேட்டின் பிளாஸ்டிக்கை விரிசல்விட வைக்கும் என்பதால் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

நிற்கும் கோணம் செலவில்லாத மாற்றம், விளைவோ பெரியது. ட்வினில் முன்கால் +15 பாகை (முன்நுனியை நோக்கி), பின்கால் -12 பாகை (பின்நுனியை நோக்கி) என்று விரித்து நிற்கிறேன். எந்தப் பக்கம் முன்னால் வந்தாலும் ஒரே உணர்வு. டைரக்ஷனலில் இரண்டு கால்களையும் முன்னோக்கித் திருப்பி +21, +6 வைத்த பிறகு, இடுப்பு இயல்பாகவே போகும் திசையை நோக்கியது; குதிகால் பக்கத் திருப்பத்தில் வந்த அதிர்வும் அடங்கியது. பாதம் கோணலாக அமர்வதால் பூட்ஸின் நீட்சியும் குறைந்தது. இந்த நிலையில் பின்னோக்கி ஓட்டுவது சிரமம். அதைப் பெரிதும் விரும்புபவருக்கு இது ஏற்றதல்ல.

பல பருவங்களில் எது தேய்ந்தது என்றும் பதிவு செய்கிறேன். இரண்டு பைண்டிங்குகளிலும் முதலில் சோர்ந்தது பட்டையின் பல்வரிசை: பற்கள் மழுங்கி, இறுக்கிய பட்டை ஒவ்வொரு பல்லாக நழுவத் தொடங்கியது. அது தனியாகக் கிடைக்கும் சிறிய உதிரிபாகம் என்பதால் மாற்றிக்கொண்டேன்; உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் மாதிரியையே வாங்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். 154-இன் அடிப்பரப்பு எக்ஸ்ட்ரூடட் வகை, அதாவது உருக்கிப் பிதுக்கிய பிளாஸ்டிக். அடிக்கடி மெழுகு கேட்பதில்லை, வேகமும் சுமார்தான். 158-இன் சின்டர்டு (பிளாஸ்டிக் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய) அடிப்பரப்பு மெழுகை உறிஞ்சி வைத்துக்கொண்டு மிக வேகமாக வழுக்கும். மெழுகு காய்ந்ததும் விளிம்பை ஒட்டிய பகுதி வெளுத்து, சமதளங்களில் இழுத்துப் பிடிக்கும். கேம்பரின் உயரமும் சற்றுத் தணிந்திருக்கிறது. தரையில் வைத்துப் பார்த்தால் நடுவே தெரியும் இடைவெளி புதிதில் இருந்ததைவிடக் குறைவு. திருப்பத்தின் முடிவில் கிடைக்கும் உந்துதலும் அந்த அளவுக்குத் தணிந்துள்ளது. விளிம்பின் பிடிப்பில் குறைவில்லை என்பதால் அதை இன்னும் ஓட்டுகிறேன். அடுத்து மாற்றும்போதும் இதே அகலத்தில், முத்திசைக் கண்ணாடி இழை கொண்ட கேம்பர் போர்டைத்தான் எடுப்பேன். பைண்டிங் இதே விறைப்பான ஜோடிதான், பல்வரிசை மட்டும் புதிதாக.