ஒன்பது அங்குல அன்ட்ரொயிட் செற்: திரை திருப்தி, ஜிபிஎஸ் அன்ரெனா திருப்தி இல்லை

அக்குவா, அக்ஸியோ, வகன் ஆர் என்று யாழ்ப்பாணத்தில் ஓடுகிற ஜப்பான் கார்களில், பழைய செற்றைக் கழற்றிவிட்டுப் பூட்டுகிற பேர் தெரியாத ஒன்பது அங்குல அன்ட்ரொயிட் செற் (பாட்டும் மப்பும் ஓடுகிற டாஷ்போட் திரை) பற்றியது இது. மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஜப்பான் செற்றில் இருப்பது ஜப்பான் மப் மட்டும். அதன் எஃப்எம் 76 மெகாஹேர்ட்சில் தொடங்கி 90இல் நின்றுவிடும். பற்றரியை ஒருதரம் கழற்றினால் பல ரொயோட்டா செற்றுகள் மப் எஸ்டி கார்ட்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

புதுச் செற்றின் திரை, றிவேர்ஸ் கமரா, புளூடூத் எல்லாம் கொடுத்த காசுக்குத் திருப்தி. ஆனால் சில மாதத்தில் "மப் வேலை செய்யுதில்லை" என்று திரும்பி வருகிற காருக்கு இன்னொரு செற்றை விற்பது அநியாயம். அனேகமாகப் பிழை, பெட்டிக்குள் சும்மா வருகிற ஜிபிஎஸ் அன்ரெனாவிலும் அதை வைத்த இடத்திலும்தான். குடாநாட்டில் மலை இல்லை, சுரங்கப் பாதை இல்லை, வானத்தை மறைக்கிற மாடிகளும் குறைவு. இங்கே ஜிபிஎஸ் பிடிக்காவிட்டால் காருக்குள்தான் தேட வேண்டும்.

டாஷ்போட்டில் கை வைக்க முன்னம் செற்றில் ஜிபிஎஸ் டெஸ்ட் செயலியை இறக்கி, காரை மரநிழல் இல்லாத வெட்டையில் நிறுத்துங்கள். ஒவ்வொரு செய்மதிக்கும் அதன் சிக்னல் பலத்தைக் காட்டுகிற ஒரு கோடு எழும்பும். குறைந்தது நாலு செய்மதி வேண்டும். கோடுகள் 35க்கு மேலே நின்றால் அன்ரெனா நல்ல சுகம். எல்லாம் 25க்குக் கீழே கிடந்தால் அன்ரெனாவை ஏதோ மறைக்கிறது அல்லது குழப்புகிறது. ஒரு கோடும் இல்லையென்றால் இணைப்பு விட்டிருக்கும். கனநாள் பற்றரி கழற்றிக் கிடந்த செற் என்றால் கால் மணித்தியாலம் பொறுத்துப் பார்க்க வேண்டும். செய்மதிகளின் முழு அட்டவணையும் வானத்திலிருந்து இறங்கவே 12.5 நிமிடம் பிடிக்கும்.

அன்ரெனா ஒரு தீப்பெட்டி அளவுதான். உள்ளே 25 மில்லிமீற்றர் சதுரச் செரமிக் தகடு, அதன் கீழே சின்ன அம்பிளிஃபயர், அடியில் காந்தம், பிறகு 3 மீற்றர் வயர். தகடு இருக்கிற பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பூட்டுகிறவர்கள் வயரைச் சுருட்டி அன்ரெனாவையும் சேர்த்துச் செற்றின் பின்னால் செருகிவிடுவார்கள். செற்றின் தகரப் பெட்டி மேலே மூடியிருக்கும்போது செய்மதி எப்படித் தெரியும்? டாஷ்போட்டின் மேல் பிளாஸ்டிக்குக் கீழே, முன்கண்ணாடிப் பக்கமாக மட்டமாக ஒட்டினால் போதும். பிளாஸ்டிக்கும் வெறும் கண்ணாடியும் சிக்னலைத் தடுக்காது, கண்ணாடியில் ஒட்டுகிற உலோகப் பூச்சுள்ள ரின்ட் தடுக்கும். நம்முடைய வெய்யிலுக்கு மலிவு டபிள் ரேப் இளகி அன்ரெனா கவிழ்ந்துவிடும். நல்ல ரேப்பைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கோடும் இல்லாத செற்றில் முதலில் பின்பக்கத்தில் அன்ரெனா வயரைப் பூட்டுகிற பொன்னிற நட்டை விரலால் இறுக்கிப் பாருங்கள். அது தளர்ந்திருப்பதுதான் கூட. சரிவராவிட்டால் நட்டைக் கழற்றி, செற்றை ஓன் பண்ணி, செற்றுப் பக்கத்துச் சொக்கற்றின் நடுவுக்கும் ஓரத்துக்கும் மல்ரிமீற்றர் வையுங்கள். 3.3 அல்லது 5 வோல்ற் வர வேண்டும். அன்ரெனாவின் அம்பிளிஃபயருக்குச் சாப்பாடு இந்த வழியால்தான் போகிறது. வோல்ற் இருந்தால் புது அன்ரெனா ஒன்று போதும். இல்லாவிட்டால் மட்டுமே செற்றைத் திறக்கிற கதை. அன்ரெனாப் பக்கம் நடுவுக்கும் ஓரத்துக்கும் பூச்சிய ஓம் காட்டினால், செற்றை உள்ளே தள்ளும்போது வயர் நசிந்திருக்கிறது.

கோடுகள் பதிந்து கிடந்தால் டாஷ் கமராவின் செருகியை இழுத்துவிட்டுப் பாருங்கள். அந்தக் கணமே கோடுகள் எழும்பினால் ஆள் பிடிபட்டுவிட்டான். அன்ரெனாவை அதிலிருந்து அரை மீற்றர் தள்ளி ஒட்டுங்கள். மலிவு யூஎஸ்பி சார்ஜரும் இதே வேலையைச் செய்யும்.

கோடுகள் உயரமாக நின்றும் மப் வெறும் சாம்பல் கட்டமாக இருந்தால் திகதியைப் பாருங்கள். திகதி பழையதாக இருந்தால் செற் இணையத்தின் பாதுகாப்பு இணைப்பை ஏற்காது, மப்பும் இறங்காது. ஒவ்வொரு முறையும் திகதி அழிகிறது, செற் எழும்ப அரை நிமிடம் எடுக்கிறது என்றால் மஞ்சள் வயர் நிரந்தர 12 வோல்ற்றில் இல்லை. மஞ்சள் பற்றரிக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு காரின் பொடிக்கு (உலோக உடலுக்கு). மஞ்சளையும் சாவி வயரோடு முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. சாவியை எடுத்த பிறகும் மஞ்சளில் 12 வோல்ற் நிற்கிறதா என்று மீற்றர் வைத்தால் சந்தேகம் தீரும். செற்றைக் கழற்ற முன்னம் பற்றரியின் நெகடிவ்வை எடுத்துவிடுங்கள். அக்குவாவில் 12 வோல்ற் பற்றரி பின் இருக்கையின் கீழே இருக்கிறது. செற்றைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்பது, இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வெடிக்கும்.

வாங்கப்போகிறவர்கள் 1 ஜிபி றாம் செற்றைத் தொடவே வேண்டாம். றிவேர்ஸ் போட்டு எடுக்கும்போது மப் செத்துவிடும். அமைப்புகளில் எழுதியிருக்கிற றாமையும் அப்படியே நம்பக்கூடாது, சில செற்றுகளில் பொய்யாகப் பதிந்து விடுகிறார்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலடி வீதித்தடை மப்புக்குத் தெரியாமல் போகலாம், அதை அன்ரெனாவின் தலையில் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் இருபக்கமும் கடலான பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்க வேண்டும். வழிகாட்டலைத் தொடங்க வேண்டாம். தொடங்கினால் மப் அம்பை வீதியிலேயே ஒட்டி வைத்துப் பிழையை மறைத்துவிடும். நீலப் பொட்டை மட்டும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, நாலு மீற்றர் ஆடினால் பரவாயில்லை. வீதியை விட்டுக் கடலுக்குள் இறங்கி ஓடினால், காசைக் கொடுக்க முன்னம் காரைக் கடைக்கே திருப்புங்கள்.