கும்பகோணம் ஞாயிறு தர்க்க வகுப்பு: சுயாட்சி வாதத்துக்கு எவ்வளவு உதவும்?

பேச்சுப் போட்டிக்கும் குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கும் தயாராகிறவர்களுக்காகக் கும்பகோணத்தில் நடக்கும் இந்த வகுப்பில், சுயாட்சி உரிமையைப் பற்றிய பகுதிக்காகவே சேரலாம். பாடம், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து முழு விடுதலை கோரி காங்கிரஸ் எடுக்கச் சொன்ன 1930 ஜனவரி 26 பூரண சுயராஜ்ய உறுதிமொழி. அதை மூன்று வரியாகப் பிரித்து எழுதச் சொல்கிறார்கள். பொது விதி: மக்களின் உரிமையைப் பறித்து ஒடுக்கும் அரசை மாற்றவோ நீக்கவோ அவர்களுக்கு உரிமை உண்டு. நடப்பு: பிரிட்டிஷ் அரசு பறித்தது, ஒடுக்கியது. முடிவு: அந்த உறவை அறுக்க வேண்டும். 1776 அமெரிக்கப் பிரகடனத்தின் கட்டமைப்பும் ஏறக்குறைய இதுதான் என்பது சீக்கிரமே பிடிபடுகிறது.

மிகச் சிறந்த பயிற்சி எதிரணி வாதம். "பிரிட்டிஷார் காவிரியில் முக்கொம்பு மேலணையைக் கட்டினார்கள், 1934-ல் மேட்டூர் அணையை முடித்தார்கள். ஆகவே ஒடுக்கவில்லை, ஆகவே சுயாட்சி உரிமையும் இல்லை." இதில் இரண்டு இடத்தில் உடைசல். அணை கட்டியதால் மட்டும் ஒடுக்கவில்லை என்று ஆகிவிடாது. அடுத்தது இன்னும் முக்கியம்: 'ஒடுக்கினால் உரிமை உண்டு' என்பதிலிருந்து 'ஒடுக்காவிட்டால் உரிமை இல்லை' என்பது வராது. மழை பெய்தால் வயல் நனையும். மழை இல்லையென்றால் நனையாது என்று டெல்டாவில் யாரும் சொல்ல மாட்டார்கள், வாய்க்கால் இருக்கிறதே! உறுதிமொழியும் சுதந்திரத்தைப் பறிக்க முடியாத உரிமை என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஒடுக்குமுறைக்கு வருகிறது. இதை அழகாக விளக்குகிறார்கள்.

குறைகள் இரண்டு. 'உரிமை உண்டு' என்பதிலிருந்து 'அறுக்க வேண்டும்' என்று தாவுவதற்கு இன்னொரு கூற்று தேவை: வேறு வழியில் தீர்வு கிடைக்காது என்பது. அந்த இடைவெளியை வகுப்பில் யாரும் சுட்டவில்லை.

பெரிய குறை, நடப்பு வரியை நிரூபிக்கப் பழக்காதது. வாதம் வடிவத்தில் சரியாக இருந்தாலும் அந்த வரி பொய்யானால் முடிவு நிற்காது; எதிரணி அடிப்பதும் அங்கேதான். வரிகளில் 20 சதவீதம் நிலவரி, 3 சதவீதம் உப்பு வரி, உப்பு வரியின் சுமை ஏழைகள் மேல்தான் அதிகம் என்று உறுதிமொழியே கணக்கு காட்டுகிறது. உள்ளூர்ச் சான்றும் உண்டு: 1930 ஏப்ரலில் உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் இதே கும்பகோணம் வழியாகத்தான் போனார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஒடுக்குமுறைக்கு இதைவிடக் கிட்டத்தில் ஆதாரம் வேண்டுமா?

சேர்கிறவர்கள் உறுதிமொழியின் முழு வாசகத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். வகுப்பில் தருவது சுருக்கம். வரிக் கணக்கு வரும் பகுதி அதில் இல்லை.