ஒட்டும் எலெக்ட்ரோடா, உள்ளே செருகும் கம்பியா?

நடக்கும்போது நரம்பு எந்தத் தசையை எப்போது முடுக்குகிறது? அதைப் பதிவுசெய்ய இரண்டு வழிகள் உண்டு. தோலைத் துடைத்து, தசையின் மின் சமிக்ஞையைப் பிடிக்கும் எலெக்ட்ரோடை மேலே ஒட்டுவது முதல் வழி. வலி கிடையாது, ஓடச் சொன்னாலும் ஓடலாம். என்ன, பக்கத்துத் தசையின் சமிக்ஞையும் கலந்து வரும்.

மயிரிழைக் கம்பி வேறு ரகம். ஊசி வழியாக அதைச் செருகி, ஊசியை உருவிவிடுவார்கள்; கொக்கிபோல வளைந்த நுனி தசைக்குள்ளேயே தங்கிவிடும். கெண்டைக்காலின் அடியாழத்தில் இருக்கும் தசையைத் தனியாகக் கேட்க இதுதான் கைகொடுக்கும். ஆனால் தசை இறுகும்போது கம்பி நகரும். மறுமுறை செருகினால் அதே இடம் கிடைக்காது.

பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்யும் வேலைக்கு என் ஓட்டு ஒட்டுவதற்கே. ஆளுக்கொரு இடத்தில் ஒட்டினால் தரவை ஒப்பிட முடியாதே என்றுதான் 1990களில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 'செனியாம்' திட்டத்தில் கூடி, எங்கே ஒட்டுவது, இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி (20 மி.மீ.) என்று பரிந்துரைத்தார்கள்.

இப்போது 64 எலெக்ட்ரோடு புள்ளிகள் கொண்ட, தோலில் ஒட்டும் வலைத்தகடுகளும் வந்துவிட்டன. அவற்றின் பதிவிலிருந்து தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பை மென்பொருள் பிரித்தெடுக்கிறது. சரி, காலை அசைக்காமல் அழுத்தும்போது அது நன்றாக நடக்கிறது. வேகமாக நடக்கும்போது இன்னும் திணறுகிறது.