வலிப்பா, மயக்கமா?

இரண்டிலும் ஆள் தடாலென்று விழுவார். கை கால் உதறுவதும் இரண்டிலும் உண்டு, அதனால்தான் குழப்பம்.

மயக்கத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. பெரும்பாலும் நிற்கும்போது கண் இருட்டி, வியர்த்து, முகம் வெளுத்து விழுவார்கள். படுக்க வைத்தால் சீக்கிரமே தெளிந்துவிடுவார்கள். ஓடும்போது மயங்கினால் இதயத்தைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

வலிப்பு மூளையின் மின் கோளாறு. தூக்கத்திலும் வரும். பெரிய வலிப்பில் உதறல் ஓரிரு நிமிடம் நீளும், நாக்கின் ஓரம் கடிபடலாம். அப்புறம் வரும் குழப்பத்தைத்தான் நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வேன்: பெயர் கேட்டாலும் சொல்லத் தெரியாமல் பல நிமிடங்கள் விழிப்பார்கள். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனை சரியாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. கைபேசியில் எடுத்த வீடியோ மருத்துவருக்குப் பேருதவி.

வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுக்காதீர்கள், தயவுசெய்து. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உதறல் 5 நிமிடம் தாண்டினால் உடனே 108.