இரண்டாம் கல்யாணம்: மாதர் சாசனமும் முஸ்லிம் சட்டமும்

ஊரில் ஒரு மனைவி, சிங்கப்பூரில் இன்னொருத்தி என்று குடும்பம் நடத்திய தாத்தாக்கள் நம்மிடையே இருந்தார்கள். சீனர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1908இல் ஆறு விதவைகள் வழக்கில், இறந்துபோன ஒரு செல்வந்தரின் துணை மனைவிகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. 1961இல் சிங்கப்பூரில் மாதர் சாசனம் என்ற திருமணச் சட்டம் வந்தது, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்தக் கதை முடிந்தது. சட்டமன்ற உறுப்பினர் சான் சோய் சியோங் போன்ற பெண்கள் விடாமல் குரல் கொடுத்து வாங்கிய சட்டம் அது. இப்போது இரண்டாவது கல்யாணம் செல்லாது, 7 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

முஸ்லிம் வீடுகளில் விதி வேறு. நான்கு வரை அனுமதி உண்டு என்றாலும் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ள முடியாது. முஸ்லிம் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரியான காதியின் அனுமதி வேண்டும், வருமானம் போதுமா, எல்லாரையும் சமமாக நடத்துவாரா என்று துருவுவார்கள், இருக்கிற மனைவியையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

என்னைக் கேட்டால் மாதர் சாசனம்தான் மேல். ஆனால் நம்மவர் சிலர் ரகசியமாகச் சின்ன வீடு வைத்துக்கொள்ளும்போது கட்டின மனைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அந்த இன்னொரு பெண்ணுக்கோ மனைவி என்ற பேரே கிடையாது. காதி முன்னால் வருகிறவளுக்காவது "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்ல ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.